எல்.இ.டி. விளக்குகளின் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

குண்டு பல்பையும் டியூப் லைட்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குக்கு மாறிய வீடுகளில் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கும்பகோணத்து ஓட்டு வீடானாலும், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தொகுப்பு வீடானாலும், மன்னார்குடியில் புதிதாகக் கட்டிய மாடி வீடானாலும் வருகிற புகார் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கு காரணமில்லை. 60 வாட்டை இழுத்து எரிந்த குண்டு பல்பில் வெளியே தெரியாமல் கிடந்த வயரிங் குறைகள், 9 வாட்டில் எரிகிற மின்னணு விளக்கில் மினுக்கலாகவும், மங்கலாகவும், அடிக்கடி கருகிப்போவதாகவும் வெளிப்படுகின்றன. அதனால்தான் ஒரே ஹோல்டரில் மூன்று விளக்குகளை மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே நிற்கிறது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும், செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். எந்த இடத்தில் நீங்கள் கையை எடுத்துவிட்டு வயர்மேனை அழைக்க வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே குறித்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை நான்கு: ஒரு டெஸ்டர், சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, நன்றாக எரிகிறது என்று உறுதியாகத் தெரிந்த எல்.இ.டி. விளக்கு ஒன்று, பரணில் எங்காவது கிடக்கும் பழைய 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்று. அந்தக் குண்டு பல்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வயரிங்கில் குறையா, விளக்கில் குறையா என்று பிரித்துக் காட்டுவதில் அதைவிட மலிவான கருவி கிடையாது.

ஹோல்டரையோ சுவிட்ச் பெட்டியையோ தொடுவதற்கு முன் மெயினை இறக்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுத் தொடுவது போதாது. அது ஏன் என்பது மூன்றாவது அறிகுறியில் தெரியும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை இறக்கினாலும் சில கம்பிகளில் மின்சாரம் இருக்கும் என்பதால், இன்வெர்ட்டரையும் அதன் பொத்தானில் அணைக்க வேண்டும். அதன் பிறகும், வேலை செய்கிறது என்று வேறோர் இடத்தில் சோதித்துக்கொண்ட டெஸ்டரை வைத்து அந்த ஹோல்டரைத் தொட்டுப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று எந்தச் சோதனையும் வேண்டாம்.

அறிகுறி 1: சுவிட்சைப் போட்டும் விளக்கு எரியவில்லை

*ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால்*

அதைக் கழற்றி, வேறு விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும் ஹோல்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே எரிந்தால் விளக்கில் குறையில்லை, ஹோல்டரிலோ அதற்கு வரும் இணைப்பிலோதான் குறை.

மெயினை இறக்கிவிட்டு ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பித்தளைப் பின்கள் தெரியும். விரலளவு தடிமனுள்ள காய்ந்த மரக்குச்சியால் ஒவ்வொன்றையும் அழுத்தினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை உடனே வெளியே தள்ள வேண்டும். ஒரு பின் உள்ளேயே சிக்கி நின்றாலோ, அதன் முனையில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலோ காரணம் கிடைத்துவிட்டது. விளக்கின் அடிப்பாகத்தையும் திருப்பிப் பாருங்கள்: அங்குள்ள இரண்டு ஈயப் பொட்டுகளில் ஒன்றில் மட்டும் கடுகளவு கருங்குழி விழுந்திருந்தால், அந்தப் பக்கத்துப் பின் சரியாக அழுத்தாமல் பொறி தட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். களிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். ஆனால் வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடலோரத்து வீடுகளில் தேய்த்த களிம்பு அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்பப் படிந்துவிடுவதால், ஹோல்டரையே மாற்றிவிடுவதுதான் நல்லது. பேக்கலைட் பழுப்பேறி, நகம் பட்டாலே உதிர்கிற நிலையில் இருந்தால் எந்த ஊரானாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஹோல்டர் சரியாக இருந்து அதில் குண்டு பல்பும் எரியவில்லை என்றால், கூரையில் விளக்குக் கம்பி இணையும் சீலிங் ரோஸிலோ சுவிட்சிலோ திருகு தளர்ந்திருக்கும். இதைத் திறந்து முடுக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் வயர்மேனை அழைத்துவிடலாம். அவருக்குச் சிறிது நேர வேலைதான்.

வேறு ஹோல்டரிலும் எரியவில்லை என்றால் விளக்கு போய்விட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் மஞ்சள் நிறச் சில்லுகளில் ஒன்றின் நடுவில் கரும்புள்ளி தெரியும். சில்லுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். அந்த ஒரு சில்லை மட்டும் ஈயம் வைத்து இணைத்துவிட்டால் விளக்கு மறுபடி எரியும் என்பது உண்மைதான். ஆனால் மலிவான விளக்குகளில் மற்றச் சில்லுகள் கூடுதல் சுமையேற்று அடுத்தடுத்துப் போகும். அதைவிட முக்கியமானது, அந்தப் பலகை மெயின் மின்னழுத்தத்தோடு நேரடித் தொடர்பில் இருப்பதால், மூடியில்லாமல் எரியவிடுவது உயிருக்கு ஆபத்து. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம், ரசீதோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.

*ஓர் அறையிலோ ஒரு வரிசையிலோ எல்லாமே எரியவில்லை என்றால்*

மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் எம்.சி.பி. விழுந்திருக்கிறதா, பழைய வீடாக இருந்தால் ஃப்யூஸ் கம்பி அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு முறை மேலே தூக்கிவிட்டதும் மறுபடி விழுகிற எம்.சி.பி.யைத் திரும்பத் திரும்பத் தூக்கக் கூடாது.

பழைய வீடுகள் சிலவற்றில் மின்சாரம் வரும் கம்பியான பேஸுக்கு ஒன்று, அது திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு ஃப்யூஸ் கட்டைகள் இருக்கும். நியூட்ரல் பக்கத்து ஃப்யூஸ் மட்டும் போயிருந்தால் விளக்கு எதுவும் எரியாது, ஆனால் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பிளக் பாயின்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள்: இரண்டிலும் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு வயர்மேனை அழையுங்கள். வந்த கையோடு, நியூட்ரலில் உள்ள ஃப்யூஸை எடுத்துவிட்டு நேரடி இணைப்புத் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி 2: விளக்கு மினுக்குகிறது, துடிக்கிறது, மங்கி மங்கி எரிகிறது

இந்த அறிகுறியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு விளக்கு மட்டும் மினுக்குகிறதா அல்லது வீடு முழுவதுமா என்பதுதான்.

*ஒரே விளக்கு மட்டும்*

மேலே சொன்ன ஹோல்டர் சோதனையைச் செய்யுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து, அந்த விளக்கின் சுவிட்சோடு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிம்மருக்கு ஏற்றது என்று உறையில் அச்சிடப்படாத எல்.இ.டி. விளக்கு அதில் துடிக்கும், ரீங்காரமிடும், சீக்கிரம் கெட்டும் போகும்.

கண்ணுக்குத் துடிப்பு தெரியாமல், ஆனால் அந்த வெளிச்சத்தில் படித்தால் தலை வலிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால், கைபேசியின் கேமராவை விளக்கின் அருகே பிடித்துப் பாருங்கள். திரையில் அகலமான கருப்புப் பட்டைகள் ஓடினால், விளக்கின் உள்ளே, மின்சாரத்தைச் சில்லுகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் மலிவானது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. திண்ணையிலும் கொல்லையிலும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். படிக்கும் மேசைக்கும் தையல் மெஷினுக்கும் மேலே அப்படிப்பட்ட விளக்கு இருக்கக் கூடாது.

*மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் ஓடும்போது மட்டும்*

தண்ணீர் மோட்டார் எடுக்கும் முதல் இழுப்பில் விளக்கு ஒரு கணம் மங்குவது இயல்பு. ஓடி முடிக்கும் வரை மங்கலாகவே இருந்தால் மின்னழுத்தம் எங்கே விழுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டருக்கு அருகிலுள்ள பிளக் பாயின்டில் ஒரு முறையும், கோளாறு உள்ள அறையின் பிளக் பாயின்டில் ஒரு முறையும் மல்டிமீட்டரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மீட்டருக்கு அருகே 225, அறையில் 200 என்று வந்தால் இடைவெளி உங்கள் வீட்டு வயரிங்கில் இருக்கிறது: கம்பி மெலிது, அல்லது இணைப்பு தளர்வு. இரண்டிடத்திலும் 200 என்றால் குறை மீட்டருக்கு வெளியே இருக்கிறது.

*மாலை நேரத்தில், அல்லது பம்புசெட்டுகள் ஓடும் காலத்தில், வீடு முழுவதும்*

கடைமடைக்கு வரும் ஆற்றுத் தண்ணீரைப் போலத்தான் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொலைவில் இருக்கும் வீட்டுக்கு வரும் மின்னழுத்தமும். வழியில் எத்தனை பேர் எடுக்கிறார்களோ அத்தனைக்குத் தேய்ந்து வரும். மேட்டூர் அணை உரிய காலத்தில் திறக்காத ஆண்டுகளில், நாற்றங்காலுக்கும் நடவுக்கும் ஊரே நிலத்தடி நீரை நம்பும்போது, இது நன்றாகவே தெரியும்.

நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். அதிலிருந்து 10 விழுக்காடு கூடலாம், குறையலாம். அதாவது 207 முதல் 253 வரை வந்தால் குற்றம் சொல்ல முடியாது. மாலை ஏழு மணிக்கும், ஊர் அடங்கிய பிறகும், விடியற்காலையிலும் அளந்து சில நாள்கள் குறித்துவையுங்கள். 207க்கு மேலேயே இருந்தும் விளக்கு மங்கினால், அடுத்த முறை வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்த வரம்பைப் பாருங்கள். கீழ் வரம்பு 140 வோல்ட்டோ அதற்கும் கீழோ உள்ள விளக்கு, மின்னழுத்தம் இறங்கினாலும் வெளிச்சம் குறையாமல் எரியும். 207க்குக் கீழே தொடர்ந்து இறங்குகிறது என்றால் குறித்துவைத்த அளவுகளோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். விளக்குக்காக ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு.

*சில விளக்குகள் கண் கூசும்படி எரிகின்றன, அதே நேரத்தில் சில மங்குகின்றன*

இந்த வழிமுறையில் உள்ள எல்லா அறிகுறிகளிலும் இதுதான் ஆபத்தானது. இதைப் பார்த்ததும் வேறு எந்தச் சோதனையும் செய்யாமல் மெயினை இறக்கிவிடுங்கள். மின்விசிறி திடீரென வேகமெடுப்பதும், ஃபிரிட்ஜ் உறுமுவதும், கைபேசி சார்ஜர் சூடேறுவதும் இதோடு சேர்ந்தே வரும்.

காரணம், நியூட்ரல் கம்பி டிரான்ஸ்ஃபார்மரிலோ, தெருக் கம்பத்திலோ, மும்முனை இணைப்புள்ள வீடாக இருந்தால் உங்கள் மீட்டர் பெட்டியிலோ அறுந்திருப்பது அல்லது தளர்ந்திருப்பது. நியூட்ரல் பிடிமானம் போய்விட்டால் ஒரு பேஸில் இருக்கும் வீடுகளுக்கு 230க்குப் பதிலாக 300, 350 என்று ஏறி, மோசமான நிலையில் 400 வோல்ட்டை நெருங்கும்; அதே நேரத்தில் இன்னொரு பேஸில் இருப்பவர்களுக்கு 100க்கும் கீழே இறங்கும். முதலில் கருகுவது எல்.இ.டி. விளக்குகள்தான் என்பதால், பலரும் விளக்கின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டே டி.வி.யையும் ஃபிரிட்ஜையும் இழந்துவிடுகிறார்கள்.

மெயினை இறக்கிய பிறகு பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியே இருந்தால் அவர்களையும் மெயினை இறக்கச் சொல்லிவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண்ணான 94987 94987க்கு அழைத்து, மீட்டர் அட்டையிலுள்ள இணைப்பு எண்ணைச் சொல்லி, ‘நியூட்ரல் துண்டிப்பு’ என்றே புகாரைப் பதிவு செய்யுங்கள். ‘லைட் எரியவில்லை’ என்று சொன்னால் அவசரம் புரியாது. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் கம்பியும் மீட்டர் பெட்டியும் பார்க்கப்பட வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது கம்பங்கள் சாய்ந்த ஊர்களில், அவசரத்துக்கு முறுக்கிச் சுற்றிய இணைப்புகளை அப்படியே விட்டுவைத்திருக்கும் வீடுகள் உண்டு. அலுமினியக் கம்பியும் செம்புக் கம்பியும் நேராக முறுக்கப்பட்ட இடம் மழையில் நனைந்து நனைந்து வெண்பொடி பூத்து, ஒரு நாள் பிடிப்பை விட்டுவிடும். மீட்டர் வரையுள்ள பகுதியை மின்வாரியத்தார்தான் தொட வேண்டும். ஏணி போட்டு நீங்களோ உங்கள் வயர்மேனோ ஏறக் கூடாது.

அறிகுறி 3: அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது

அணைத்தவுடன் ஓரிரு நொடிகள் மங்கி மறைந்தால் அது விளக்கிலுள்ள கெப்பாசிட்டரின் மிச்சம், கோளாறு இல்லை. இரவெல்லாம் நிலவொளி போல எரிந்துகொண்டிருந்தாலோ, சில நொடிகளுக்கு ஒரு முறை மின்னி அணைந்தாலோதான் காரணம் தேட வேண்டும்.

முதலில் சுவிட்சைப் பாருங்கள். சிறு சிவப்பு விளக்கு பொருத்திய இண்டிகேட்டர் சுவிட்சாக இருந்தால், அந்தச் சிவப்பு விளக்கின் வழியாக ஒழுகும் மிகச் சிறிய மின்னோட்டமே எல்.இ.டி.யை மங்கலாக எரிய வைக்கப் போதும். அதை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் ஒன்றைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

இண்டிகேட்டர் இல்லை என்றால் அடுத்த சோதனையைக் கவனமாகச் செய்யுங்கள். விளக்கைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் அணைந்த நிலையில், மெயின் இருக்கும்போது, உலர்ந்த பலகை மேல் நின்று டெஸ்டரால் ஹோல்டரின் இரண்டு பின்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒன்றில் டெஸ்டர் பிரகாசமாக எரிந்தால், சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. இது எல்.இ.டி. வந்த பிறகு முளைத்த குறை இல்லை. வயரிங் செய்த நாளிலிருந்தே அந்த ஹோல்டரில் சுவிட்சை அணைத்தாலும் மின்சாரம் இருந்திருக்கிறது. குண்டு பல்பு மாற்றும்போது விரல் பட்டிருந்தால் ஷாக் அடித்திருக்கும். மங்கலாக எரிந்து அதைக் காட்டிக்கொடுத்த விளக்கைப் பழிக்காமல், உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து அந்தச் சுவிட்சைப் பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் இப்படி இருந்தால் அதே காலத்தில் வயரிங் செய்த மற்ற அறைகளிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், வீட்டின் எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே நாளில் சோதித்துவிடுங்கள்.

டெஸ்டர் மிக மங்கலாக மட்டும் எரிந்தால் இரண்டு வாய்ப்புகள். மாடிப்படிக்குக் கீழொன்று மேலொன்றாக இருவழிச் சுவிட்ச் போட்டிருக்கும் இடங்களில், நீண்ட தூரம் ஒட்டி ஓடும் கம்பிகளில் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்படும். அதில் ஆபத்தில்லை, மங்கல் தொந்தரவாக இருந்தால் விளக்குக்கு இணையாகப் பொருத்தும் சிறு கெப்பாசிட்டரை வயர்மேன் போட்டுத் தருவார். இன்னொன்று ஈரம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் மங்கல் தோன்றி, தை பிறந்து சுவர் காய்ந்ததும் மறைந்துவிட்டால் சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் கசிகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவரில் மரப் பெட்டி பதித்த பழைய வீடுகளில் இது சகஜம். வெயில் வந்ததும் மறைந்துவிடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சுவரைத் தொட்டால் உடம்பில் சுருசுருவென்று உணர்வு தெரிந்தால் அன்றே மெயினை இறக்கிவிட்டு ஆளை வரவழைக்க வேண்டும்.

அறிகுறி 4: வாங்கிச் சில மாதங்களிலேயே கருகிப்போகிறது

வீட்டின் பல இடங்களில் பரவலாகப் போகிறதா, ஒரே இடத்தில் மட்டும் மறுபடி மறுபடி போகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

ஒரே இடத்தில் என்றால் பெரும்பாலும் வெப்பம். எல்.இ.டி. விளக்கின் கழுத்துப் பகுதி சூட்டை வெளியே விட்டாக வேண்டும். முழுவதும் மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள்ளும், கூரைத் தகரத்தை ஒட்டியும் மாட்டினால் சில்லுகளுக்கு முன் டிரைவர் வெந்துபோகும். கூண்டின் மூடியைக் கழற்றிவிடுங்கள், அல்லது 9 வாட்டுக்குப் பதில் 5 வாட் போடுங்கள்.

சம்பா வயல்களை ஒட்டிய வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளியை ஒட்டிய நாள்களில் பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்றிக் கூட்டமாக விழும். காலையில் கூண்டைக் கழற்றினால் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பச்சைத் தூள் போலக் குவிந்திருக்கும். அது வெளிச்சத்தை மறைப்பதோடு, காற்று போகும் துளைகளையும் அடைத்துவிடும். மெயினை இறக்கிவிட்டு உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். ஈரத் துணி வேண்டாம். வாசலுக்கு இளமஞ்சள் நிற விளக்கு போட்டால், நீலம் கலந்த வெள்ளை விளக்கைவிடப் பூச்சி குறைவாகவே வரும்.

பரவலாகப் போகிறது என்றால் விளக்கின் தரத்தையும் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். உறையில் ஐ.எஸ். 16102 என்ற தர எண்ணும், இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு எண்ணும், மின்சிக்கனத்தை மதிப்பிடும் அரசு அமைப்பான பி.இ.இ.யின் நட்சத்திர முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாமல் திருவிழாக் கடைகளிலும் சாலையோரத்திலும் பாதி விலைக்கு விற்கும் விளக்குகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நல்ல விளக்குகளும் போகின்றன என்றால், பம்புசெட்டுகள் நின்று ஊர் உறங்கிய பிறகு நள்ளிரவில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 253க்கு மேல் தொடர்ந்து நிற்பது தெரிந்தால் புகார் கொடுக்க வேண்டியது மின்வாரியத்திடம்.

இடி மழைக்கு மறுநாள் மட்டும் விளக்குகள் போகின்றன என்றால், மெயின் பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்தலாம். எர்த் சரியாக இல்லாத வீட்டில் அதனால் பயனில்லை என்பதால், முதலில் எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டுமே வயர்மேன் செய்ய வேண்டிய வேலைகள்.

அறிகுறி 5: பழைய டியூப் பட்டியில் மாட்டிய எல்.இ.டி. டியூப் எரியவில்லை, ரீங்காரமிடுகிறது

பழைய பட்டியில் சோக்கும் ஸ்டார்ட்டரும் இருக்கும், எல்.இ.டி. டியூபுக்கு இரண்டும் தேவையில்லை. ஸ்டார்ட்டரைக் கழற்றியாயிற்றா என்று முதலில் பாருங்கள். அடுத்து, டியூபின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். சில டியூபுகளுக்குப் பேஸும் நியூட்ரலும் ஒரே முனையின் இரு பின்களுக்கு வர வேண்டும். சிலவற்றுக்கு முனைக்கு ஒன்றாக வர வேண்டும். முதல் வகையைப் பழைய பட்டியில் அப்படியே மாட்டினால் எரியாது.

ரீங்காரம் கேட்டால் செம்புச் சோக் இன்னும் இணைப்பில் இருக்கிறது. எலக்ட்ரானிக் சோக் இருந்த பட்டி என்றால் கதை வேறு: அது உயர் அதிர்வெண் மின்சாரத்தைத் தருவதால் டியூபையே கெடுத்துவிடும், முற்றிலும் அகற்றாமல் மாட்டவே கூடாது. சோக்கை நீக்கி நேரடி இணைப்புத் தருவது வயர்மேன் வேலை. அவருக்குத் தரும் கூலியையும் கணக்கில் சேர்த்தால், பட்டியோடு சேர்ந்தே வரும் புது எல்.இ.டி. பேட்டன் வாங்குவது பெரும்பாலும் லாபம். கழற்றிய பழைய டியூபையும் சி.எஃப்.எல். விளக்கையும் வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ உடைத்துப் போடாதீர்கள். அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ரீங்காரம் வந்தால், அந்த இன்வெர்ட்டர் சதுர அலை தருகிற வகை. விளக்கில் குறையில்லை.

அறிகுறி 6: எரிகிறது, ஆனால் வெளிச்சம் போதவில்லை

2015 ஜனவரியில் எல்.இ.டி. விளக்கை மலிவு விலையில் வழங்கும் நடுவண் அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு 9 வாட் விளக்கு எங்கும் பரவி, எல்லா அறைக்கும் 9 வாட் என்பது பழக்கமாகிவிட்டது. வாட் என்பது செலவாகும் மின்சாரத்தின் அளவு. வெளிச்சத்தின் அளவு லூமென். 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறத்தாழ 700 முதல் 800 லூமென்; நல்ல 9 வாட் எல்.இ.டி. 900 லூமென் வரை தரும். ஆகவே குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் போதும். டியூப் லைட் இருந்த இடத்தில் போதாது. அது 2,000 லூமெனுக்கு மேல் தந்துகொண்டிருந்தது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் 20 வாட் எல்.இ.டி. பேட்டன்தான் அதற்கு ஈடு.

அப்படிப் போட்டும் போதவில்லை என்றால் கூரையைப் பாருங்கள். பழைய டியூப் எல்லாப் பக்கமும் ஒளி வீசும், எல்.இ.டி. பேட்டன் முன்பக்கம் மட்டுமே வீசும். நாட்டு ஓடும் கறுத்த மரச்சட்டங்களும் உள்ள ரேழி, கூடம் ஆகியவற்றில் மேற்பகுதி இருண்டு, அறையே இருட்டாகத் தோன்றும். அங்கே ஒரு பெரிய விளக்கைவிட எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சிறிய விளக்குகள் நன்றாக எடுபடும். சமைக்கும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் 4,000 கெல்வின் நிறம் கண்ணுக்கு இதமானது. 6,500 கெல்வின் நீல வெள்ளையை வீடு முழுவதும் போடுவதை நான் விரும்புவதில்லை.

அறிகுறி 7: விளக்கைப் போட்டால் டிரிப்பர் விழுகிறது

விழுவது, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்றால் எங்கோ மின்கசிவு இருக்கிறது. எல்லா எம்.சி.பி.களையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில் மழையில் நனையும் விளக்கு எது என்று தேடுங்கள்: வாசல் கேட் விளக்கு, மாட்டுக் கொட்டகை விளக்கு, மார்கழிக் கோலத்துக்காகக் கட்டிய சீரியல் செட்.

ஏற்றும்போது விழாமல், குறிப்பிட்ட ஒரு விளக்கைப் போடும்போது மட்டும் விழுந்தால், அந்த விளக்கின் நியூட்ரல் இன்வெர்ட்டர் வரிசையின் நியூட்ரலோடு எங்கோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கண்டுபிடிக்க நேரமும் கருவியும் வேண்டும்; வயர்மேனிடம் விட்டுவிடுங்கள். விழுந்துகொண்டே இருக்கிறதே என்று ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடி இணைப்புத் தரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு எந்த நிலையிலும் இணங்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் அந்தக் கருவிதான் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

அறிகுறி 8: எல்லா விளக்கையும் மாற்றியும் மின்கட்டணம் குறையவில்லை

முதலில் எதிலிருந்து மாறினீர்கள் என்று கணக்கிடுங்கள். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட், நாளுக்கு 5 மணி நேரம், 60 நாள்கள்: ஒரு விளக்குக்கு 15.3 யூனிட் மிச்சம். சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுத்த டியூபுக்குப் பதில் 20 வாட் பேட்டன் என்றால் 9 யூனிட். 15 வாட் சி.எஃப்.எல்.லிலிருந்து மாறியிருந்தால் 1.8 யூனிட்தான், அது ரசீதில் தெரியாது. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் என்பதால், பல விளக்குகளை மாற்றிய வீடுகளில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கணக்குப்படி குறைய வேண்டும், ஆனால் குறையவில்லை என்றால் மீட்டரைச் சோதியுங்கள். இன்வெர்ட்டரை அதன் இணைப்பிலிருந்து பிரித்து, வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் உருவிவிட்டு, மெயினை மட்டும் போட்டு வைத்து மீட்டரின் சிவப்புத் துடிப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்று இருக்கும் மீட்டரில், எல்லாம் அணைந்த நிலையிலும் நிமிடத்துக்கு ஒரு துடிப்பு வந்தால் ஏறத்தாழ 19 வாட் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்தில் அது 27 யூனிட். மெயினுக்குப் பின்னால் உள்ள எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்கினால் எந்த வரிசையில் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் துடித்தால் மீட்டரைச் சோதிக்கக் கோரி மின்வாரியத்தில் விண்ணப்பிக்கலாம்.

மீட்டர் துடிக்கவில்லை, கசிவும் இல்லை என்றால் மின்விசிறிகளை எண்ணிப் பாருங்கள். 75 வாட் இழுக்கும் பழைய விசிறி நாளுக்கு 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 67.5 யூனிட், 30 வாட் மட்டும் இழுக்கும் பி.எல்.டி.சி. வகைப் புது விசிறி என்றால் 27 யூனிட். விளக்குகளை மாற்றி முடித்த வீட்டில் அடுத்த செலவை அங்கேதான் செய்ய வேண்டும், அதிலும் நள்ளிரவு வரை ஓடும் கூடத்து விசிறியில் தொடங்க வேண்டும்.